ஒருமுறை கேட்டால் போதும்

எங்கள் கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் ஃபெஹிம் புரொபசர் இருக்கிறார். நான் நான்காவது மாடி. புரொபசர் என்றதும் பல்கலைக்கழகம் என்று நினைத்துவிட வேண்டாம். போஸ்னியாவில், எங்கள் சரயேவோவில் பள்ளிக்கூட வாத்தியாரையும் அப்படித்தான் கூப்பிடுவோம். ஒரு தடவை ஒட்டிக்கொண்டால் மரண அறிவிப்புவரை கூடவே வரும் பட்டம் அது. இவர் பத்து வருடம் புவியியல் நடத்தினார். நாடு உடைந்து, ஒரே ஆறு மூன்று பாடப்புத்தகங்களில் மூன்று விதமாக ஓட ஆரம்பித்ததும், வேலையை விட்டுவிட்டார்.

சண்டை முடிந்து வெள்ளை ஜீப்புகளில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து இறங்கினார்கள். எங்களோடு எப்படிப் பேசுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் வேண்டும் என்பதை ஊரில் முதலில் கண்டுபிடித்தவர் ஃபெஹிம்தான். வியன்னாவுக்குப் போய் மூன்று நாள் பயிற்சி எடுத்து, அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். அறிமுக அட்டையில் 'பண்பாடுகளிடை உரையாடல் வல்லுநர்' என்று பொன் எழுத்தில் அச்சடித்தார். என் கணவர் உயிரோடிருந்த காலம் அது. அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதக் காட்டினா டிராம்ல சும்மா போலாமா?" என்று கேட்டார். நான் அப்போது டிராம் ஓட்டிக்கொண்டிருந்தேன். முடியாது என்றேன்.

பிறகு வெளிநாட்டுக்காரர்கள் ஜீப்புகளோடு வேறொரு சண்டைக்குப் போய்விட்டார்கள். ஃபெஹிம் அசரவில்லை. பாடத்தைச் சட்டை மாதிரி உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டார். டெலிபோன் கம்பெனிகளில் உட்கார்ந்து ஜெர்மன்காரனுக்கும் ஸ்வீடன்காரனுக்கும் பதில் சொல்கிற எங்கள் பிள்ளைகளுக்கு, அவர்களோடு எப்படிப் பேசுவது என்று வகுப்பெடுத்தார். ஆக, அவரிடம் இரண்டு கோப்புகள். பச்சைக் கோப்பு, அந்நியர் எங்களிடம் பேசுவதற்கு. நீலக் கோப்பு, நாங்கள் அந்நியரிடம் பேசுவதற்கு. பச்சையை இணையத்திலும் ஆங்கிலத்தில் போட்டிருந்தார், உலகம் பயன்பெறட்டும் என்று.

பச்சைக் கோப்பில் இரண்டு விஷயங்களுக்கு எப்போதும் கைதட்டல் கிடைக்கும் என்பார். ஒன்று, போஸ்னிய வீட்டில் எதைக் கொடுத்தாலும் முதலில் மறுக்க வேண்டும். வீட்டுக்காரர் திரும்பத் திரும்ப வற்புறுத்துவார், அதற்குப் பிறகுதான் வாங்க வேண்டும். ஒரு தடவை கேட்டுவிட்டு விட்டால், சும்மா வாய் வார்த்தைக்குக் கேட்டார் என்று அர்த்தம். இது உண்மை. என் வீட்டில் ஒரு துண்டு கேக்கைச் சாப்பிடவைக்க நான் போராடுகிற நேரத்தில் வேறு நாட்டில் அரசாங்கமே அமைத்துவிடுவார்கள்.

இரண்டாவது, காபி. முதல் காபி வரவேற்க, இரண்டாவது காபி பேச, மூன்றாவது காபி வந்தால் 'கிளம்பு' என்று பொருள். பழைய காலத்துப் பெரிய வீடுகளில் அப்படி இருந்ததாகச் சொல்வார்கள். என் ஆயுளில் மூன்றாவது காபியைக் கொடுத்து யாரும் யாரையும் துரத்திப் பார்த்ததில்லை. நாங்கள் ஐந்தாவது காபிக்கும் அசையாதவர்கள். ஆனால் வெளிநாட்டுக்காரர்கள் இதைக் கேட்டதும் சிரித்து, குறிப்பெடுத்துக்கொண்டார்கள். கைதட்டல் வந்த இடம் என்பதால் ஃபெஹிம் அதைத் தடித்த எழுத்தில் போட்டுவிட்டார்.

அவர் மகன் நெதிம் பத்தொன்பது வயதில் ஸ்வீடனுக்குப் போனவன். மால்மோவில் ஏதோ கப்பல் கணக்கு எழுதும் வேலை. அவன் அம்மா ஸதேதா இறந்து ஆறு வருடமாகிறது. அடக்கத்துக்கு வந்துவிட்டுப் போனவன்தான். மூன்று வருடம் முன்பு மாலின் என்ற ஸ்வீடன் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். அப்பாவுக்கு போன் போட்டு, "பாபோ, மே மாசம் கல்யாணம், நீங்க வரலாம்" என்றான். ஒரே ஒரு தடவை. மகன் இன்னொரு தடவை கேட்பான் என்று ஃபெஹிம் ஏப்ரல் முழுக்கக் காத்திருந்தார். சூட்டைச் சலவைக்குப் போட்டு வாங்கிவைத்தார். கேட்கவில்லை. மே மாதம் கல்யாணத்தை போனில் பார்த்தார். அவர் கையிலிருந்த போன் நடுங்கிக்கொண்டே இருந்ததால் மணமக்கள் நிலநடுக்கத்தில் மோதிரம் மாற்றுகிற மாதிரி எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் ஒரு ஸ்வீடன் பொறியாளர் அவருடைய வகுப்பைப் பார்க்க வந்து, "நாங்கள் ஒரு தடவைதான் கேட்போம். கேட்டால் அதை நிஜமாகவே கேட்கிறோம்" என்று சொல்லியிருக்கிறார். ஃபெஹிம் அன்று வகுப்பைப் பாதியில் முடித்துக்கொண்டு வந்தார். நீலக் கோப்பில் சிவப்பு மையால் ஒரு புதிய விதி ஏறியது.

இந்த ஜூலையில் நெதிமும் மாலினும் வருவதாகச் சொன்னார்கள். பன்னிரண்டு நாள் விடுப்பு. ஹோட்டலில் இரண்டு இரவுக்கு மட்டும் அறை எடுத்திருக்கிறார்கள், அதற்குப் பிறகு பார்க்கலாம் என்று செய்தி வந்தது. மீதி பத்து நாளை ஃபெஹிம் மனதுக்குள் எடுத்துக்கொண்டார்.

வருவதற்கு முந்தின நாள் என்னைக் கீழே கூப்பிட்டார். ஸதேதாவின் தையல் அறையைத் திறந்து காட்டினார். தையல் மிஷின் போயிருந்தது. சுவருக்கு அவரே இளநீல வர்ணம் அடித்திருந்தார், ஜன்னல் கண்ணாடிக்கும் கொஞ்சம். புதுக் கட்டில், புது மெத்தை. லிஃப்ட் வழக்கம்போல் படுத்துக்கிடந்ததால், ஒரு டாக்சிக்காரனோடு சேர்ந்து மாடிப்படியில் மெத்தையைத் தூக்கி வந்திருக்கிறார். கட்டிலில் இரண்டு தனித்தனிப் போர்வைகள்.

"சண்டையா அவங்களுக்குள்ள?" என்று கேட்டேன்.

"ஸ்வீடன்ல புருஷன் பொண்டாட்டி ஆளுக்கொரு போர்வைதான் போத்திக்குவாங்க. ஆராய்ச்சி பண்ணியிருக்கேன்."

"அப்படியும் ஜனத்தொகை இருக்கே."

"அத்வியா, நாளைக்கு நீங்க வரணும். ஆனா சில விதிமுறை இருக்கு."

"நான் சிர்னிட்சா சுட்டு எடுத்துட்டு வரலாம்னு இருந்தேன்." சிர்னிட்சா என்பது பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டிச் சுடுவது. நெதிம் என் சமையலறையில் நின்றபடியே ஒரு தட்டைக் காலி பண்ணுவான்.

"எடுத்துட்டு வாங்க. ஆனா ஒரு தடவதான் 'எடுத்துக்கோங்க'ன்னு சொல்லணும்."

"அப்புறம்?"

"அப்புறம் சும்மா இருக்கணும்."

"எடுக்கலைன்னா?"

"வேண்டாம்னு அர்த்தம்."

"பட்டினி கெடந்து சாகட்டுமா, புரொபசர்?"

"அங்க அதுக்குப் பேரு மரியாதை. சம்பளம் எவ்வளவுன்னு கேக்கக் கூடாது. கொழந்த எப்போன்னு கேக்கக் கூடாது. ஜன்னலத் தொறந்தா வாயத் தொறக்கக் கூடாது."

கடைசி விதி கொடுமையானது. எங்கள் ஊரில் பீரங்கிக்குத் தப்பிய மனிதர்கள் உண்டு. எதிரெதிர் ஜன்னல்களுக்கு நடுவே வீசும் குறுக்குக் காற்றுக்குத் தப்பியவர்கள் உண்டு என்று யாரும் நம்புவதில்லை. கழுத்து பிடிக்கும், முகம் கோணும், சிறுநீரகம் போகும். டாக்டர்களே சொல்வார்கள்.

"எல்லாம் சரி. தங்கச் சொல்லி எப்படிக் கேப்பீங்க?"

அவர் நிமிர்ந்து நின்று, சட்டைக் காலரைச் சரிசெய்து, என் கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னார்: "உங்களுக்காக ஒரு அறை தயாராக இருக்கிறது. இங்கே தங்க விரும்புகிறீர்களா?"

"ஐயோ, எதுக்குங்க சிரமம், வேண்டாம்" என்று என் வாய் தன்னால் சொன்னது.

"பாத்தீங்களா, இது போஸ்னியப் பதில். அவ ஸ்வீடன்காரி. வேணும்னா வேணும்பா. ஒரு தடவ கேட்டாப் போதும்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தார்கள். வாசலில் இருவரும் குனிந்து செருப்பைக் கழற்றினார்கள். அந்த ஒரு விஷயத்தில் இரண்டு நாடுகளுக்கும் ஒரே மதம். மாலின் நெடுநெடு என்று, மூக்கில் வெயில் புள்ளிகளோடு இருந்தாள். முகத்தில் பரீட்சைக்கு வந்த பிள்ளையின் களை. "மெர்ஹபா" என்று எங்கள் பாஷையில் எனக்கு வணக்கம் சொன்னாள். கட்டிப்பிடிக்கலாம் என்று கை தூக்கினேன். ஃபெஹிம் இருமினார். கையை இறக்கி, தலைமுடியைச் சரிசெய்துகொண்டேன்.

நெதிம் அப்பாவைப் பார்த்து ஒரு எட்டு முன்னால் வந்தான். ஃபெஹிம் கை நீட்டினார். பெற்ற மகனோடு கைகுலுக்கினார், தூதரகத் திறப்பு விழா மாதிரி.

பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. எனக்கு, டிராமை விட்ட பிறகு வெளிநாட்டுக்காரர் அலுவலகத்தில் மூன்று வருடம் காபி போட்ட ஆங்கிலம் உண்டு, அது போதும். புழுக்கமாக இருக்கிறது, ஜன்னலைத் திறக்கலாமா என்று மாலின் கேட்டாள். ஃபெஹிம் எழுந்து போய்த் தெருப்பக்க ஜன்னலைத் திறந்தார். விதியை முழுமையாக நிறைவேற்றும் வெறியில் சமையலறை ஜன்னலையும் திறந்தார். பிறகு இரண்டுக்கும் நடுவில், சட்டைப் பொத்தானைத் தளர்த்திக்கொண்டு, ஐரோப்பிய ஒற்றுமைக்காக உயிர்விடத் துணிந்தவர் போல உட்கார்ந்தார். நான் தலைத்துணியால் கழுத்தை மூடிக்கொண்டேன்.

நான் தட்டை நீட்டினேன். "எடுத்துக்கோங்க."

"நன்றி, வேண்டாம்" என்றாள் மாலின். சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். பசியோடு பார்த்தாள் என்று இப்போது சொல்வேன். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு தட்டைக் கீழே வைத்தேன். நெதிமும் தொடவில்லை. நாற்பது வருடத்தில் முதல் தடவையாக நான் சுட்ட சிர்னிட்சா ஒரு துண்டும் குறையாமல் மேசையில் ஆறியது.

ஃபெஹிம் நீலக் கோப்பின்படி பாதுகாப்பான விஷயங்களைப் பேசினார்: வானிலை, ரயில் வசதி, காடுகள். நெதிம் எங்கள் பாஷைக்கு மாறி, "பாபோ, முட்டி வலி எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

"நன்றாக இருக்கிறது. கேட்டதற்கு நன்றி" என்று ஃபெஹிம் ஆங்கிலத்தில் பதில் சொன்னார், மாலினை விலக்கிவைக்கக் கூடாது என்பதற்காக.

"அம்மா கல்லறைக்கு ஒரு நாள் போணும்."

"உங்கள் வசதிப்படி."

இரண்டாவது காபியும் முடிந்தது. ஃபெஹிம் நிமிர்ந்தார், காலரைத் தொட்டார்.

"உங்களுக்காக ஒரு அறை தயாராக இருக்கிறது. இங்கே தங்க விரும்புகிறீர்களா?"

மாலினின் முகம் சிவந்தது. நெதிமை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, மனப்பாடம் செய்ததைப் பிழையில்லாமல் ஒப்பிக்கிற குரலில், "ரொம்ப அன்பு. ஆனால் உங்களுக்குச் சிரமம் கொடுக்க நாங்கள் விரும்பவில்லை" என்றாள். சொல்லிவிட்டு மடியில் கை வைத்துக் காத்திருந்தாள். டிராமின் விளக்கு வளைவில் தெரிந்த பிறகு நிறுத்தத்தில் நிற்பவர்கள் அப்படித்தான் நிற்பார்கள், வந்துவிடும் என்ற நிச்சயத்தோடு.

நெதிமும் காத்திருந்தான். நானும் காத்திருந்தேன்.

"உங்கள் முடிவை மதிக்கிறேன்" என்றார் ஃபெஹிம்.

மாலினின் கை மெல்லப் பைக்குப் போனது. நெதிம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு வாய் துடித்தது. 'அடப்பாவி, பூசின வர்ணம் இன்னும் காயல, மெத்தைய முதுகுல சுமந்தியே' என்று கத்தியிருக்கலாம். விதிமுறைக்குக் கட்டுப்பட்டேன். என் வாழ்நாளில் நான் கட்டுப்பட்ட ஒரே விதிமுறை அதுதான்.

அவர்கள் எழுந்துவிடப் போகிறார்கள் என்று ஃபெஹிமுக்குப் பட்டிருக்க வேண்டும். வார்த்தையால் தடுத்தால் அது அழுத்தம். ஆகவே கை தானாக வேலை செய்தது. சமையலறைக்கு ஓடி, ஜெஸ்வா என்கிற செம்புக் காபிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்து, நுரை பொங்கப் பொங்க காபி போட்டு, தட்டில் நான்கு கிண்ணங்களோடு வந்தார். இன்னும் ஒரு அரை மணி நேரம் இருக்கட்டும் என்ற ஆசை தவிர அந்தத் தட்டில் வேறொன்றும் இல்லை. தான் எழுதிய தடித்த எழுத்தை அவர் கையே நம்பவில்லை.

மாலின் நம்பினாள். தட்டைப் பார்த்ததும் நெருப்பை மிதித்தவள் போல எழுந்தாள். "ரொம்ப நேரம் இருந்துவிட்டோம். மன்னிக்கணும்" என்றாள். நெதிமும் எழுந்தான். ஃபெஹிம் தட்டோடு நின்றார். கிளம்ப நினைக்கும் விருந்தினரைப் பிடித்துவைக்கக் கூடாது என்பது நீலக் கோப்பின் எட்டாவது விதி. "செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வருகிறோம்" என்று மாலின் சொன்னாள். "உங்கள் வசதிப்படி" என்றார் அவர்.

நான் சிர்னிட்சாவைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு பின்னாலேயே படியிறங்கினேன். மாடிப்படியில் எந்தக் கோப்பும் செல்லாது. "சாப்பிடு. சாப்பிடு பொண்ணே. என் மேல ஆணை, சாப்பிடு" என்றேன். மூன்றாவது 'சாப்பிடு'வில் மாலின் முகம் மலர்ந்தது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றபடியே இரண்டு துண்டுகளை விழுங்கினாள். பிறகு விரலைத் துடைத்துக்கொண்டு, பெருமையாகப் பையிலிருந்து நான்கு தாள்களை எடுத்துக் காட்டினாள். மஞ்சள் கோடு போட்டுப் படித்திருந்தாள். மேலே ஃபெஹிமின் பெயர். பச்சைக் கோப்பு, ஆங்கிலத்தில்.

"மாமா எழுதியது என்று தெரிந்ததும் முழுவதும் படித்தேன். எதுவும் தப்புப் பண்ணக் கூடாது என்று" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவர் ஒரு தடவைதான் கேட்டார். மூன்றாவது காபியும் வந்துவிட்டது. அதனால்தான் கிளம்பினோம்" என்றாள். குறை சொல்லவில்லை. தான் சரியாகப் புரிந்துகொண்டோமா என்றுதான் கேட்டாள்.

அவளைக் கீழே போகச் சொல்லிவிட்டு நெதிம் நின்றான்.

"அத்தை, நான் அவ பேப்பரப் பார்த்துக் கெளம்பல. நான் இந்த வீட்டுல பொறந்தவன். எங்க வீட்டுல ஒரு தடவ கேட்டா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா?"

"டேய், அந்த ரூமுக்கு அவரே வர்ணம் அடிச்சாருடா. மெத்தையத் தூக்கிட்டு..."

"நீங்க எப்பவும் இப்படித்தான் அத்தை. அவர் என்கிட்ட மூணு நாள் பேசாம இருந்தாக்கூட, 'நாள் பூரா உன்னப் பத்திதான் பேசிட்டிருந்தாரு'ன்னு வந்து சொல்வீங்க."

சொல்வேன்தான். அத்தனையும் பொய். பக்கத்து வீட்டுக்காரி என்று ஒருத்தி வேறு எதற்கு இருக்கிறாள்?

"அவர்கிட்ட ஒரு நீல ஃபைல் இருக்குடா, அதுல..."

"தெரியும். அப்பாவுல பாதி ஃபைல்தான்." என் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டு இறங்கிப் போனான்.

மேலே வந்தபோது ஃபெஹிம் நான்கு கிண்ணங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். இரண்டைக் குடித்து முடித்திருந்தார்.

"எப்படிப் போச்சு?" என்று கேட்டார். பிறகு அவரே, "நல்லாப் போச்சு. யாரும் யாரையும் அழுத்தல" என்றார்.

நான் ஜன்னல்களைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். தாள்களைப் பற்றிச் சொன்னதும் முதலில் அவர் முகத்தில் வந்தது என்ன தெரியுமா? மகிழ்ச்சி. "முழுசும் படிச்சாளாமா?" என்றார். நான் மேலே சொல்லச் சொல்ல அது வடிந்தது. "அது பழைய பதிப்பு" என்றார். பிறகு, "நெதிம் அப்படியா சொன்னான்?" என்றார்.

"இப்பவே போன் போடுங்க."

"ஹோட்டல்ல ஓய்வெடுப்பாங்க. செவ்வாய்க்கிழமை சாப்பிட வர்றாங்கல்ல? அப்போ கேக்கறேன். மூணு தடவ கேக்கறேன். நீங்களும் கூட நின்னு கேளுங்க."

"நான் அழறேன் வேணும்னா."

"அழுங்க" என்றார். சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை நான் மேசை முழுக்க மாவை மெல்லிசாக விரித்துக்கொண்டிருந்தேன், பத்துப் பேருக்குப் போதும் அளவு. கதவு தட்டாமல் ஃபெஹிம் உள்ளே வந்தார். ஞாயிற்றுக்கிழமைக் காற்றில் கழுத்து பிடித்துக்கொண்டு தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. எதையோ ஒட்டுக்கேட்கிறவர் மாதிரி இருந்தார். போனை நீட்டினார். மாலின் எழுதியிருந்தாள்: உங்களுக்குச் சிரமம் தர மனமில்லை, ஆகவே மதியச் சாப்பாட்டுக்குக் காத்திராமல் காலையிலேயே கடலுக்குக் கிளம்பிவிட்டோம், அன்பான வரவேற்புக்கு நன்றி. கீழே ஒரு சூரியன் படம்.

மாவுக் கையோடு கூட நடந்து கீழே வந்தேன். அவர் வீட்டுக் கூடத்தில், சான்றிதழுக்குக் கீழே நின்று நெதிமுக்கு போன் போட்டார். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"பாபோ?" கார் ஓடும் சத்தம்.

"எங்கடா இருக்கீங்க?"

"மோஸ்தார் ஊரத் தாண்டிட்டோம்."

"வண்டியத் திருப்பு."

"என்ன ஆச்சு? உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. திருப்புடா. வீட்டுக்கு வா. இங்க தங்குங்க."

"இல்ல பாபோ, பரவால்ல. எதுக்குச் சிரமம்."

நான் கையை ஆட்டினேன்: இன்னும், இன்னும். ஃபெஹிம் கண்ணை மூடிக்கொண்டார். மூடிக்கொண்டு, முப்பது வருடப் பயிற்சியையும் வியன்னாவையும் தள்ளிவிட்டு, எங்கள் ஊர் மனிதனாகக் கத்தினார்.

"என்னடா சிரமம்? யாருக்குடா சிரமம்? பெத்த புள்ள ஊருக்கு வந்து ஹோட்டல்ல படுத்தா நான் வெளிய தலகாட்டறது எப்படி? உங்கம்மா ரூமக் காலி பண்ணி வச்சிருக்கேன். வரலைன்னா நான் சோறு தின்ன மாட்டேன். அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு, அந்தப் பேப்பரக் கிழிச்சுப் போடச் சொல்லு. அதுல இருக்கறதெல்லாம் சும்மா. நாலு வெள்ளக்காரன் கைதட்டினான்னு எழுதினது. நெதிம், திரும்பி வாடா. கெஞ்சறேன்."

கார் சத்தம் நின்றது. ஓரமாக நிறுத்தியிருக்க வேண்டும். மாலின் ஏதோ கேட்டாள், அவன் ஸ்வீடன் பாஷையில் பதில் சொன்னான், நீளமாக. அவள் 'ஓ' என்றது எங்களுக்குக் கேட்டது. பிறகு அவன் மூக்கை உறிஞ்சினான்.

"பாபோ."

"சொல்லு."

"இத ஞாயித்துக்கெழம சொல்லியிருக்கலாமே."

"இப்பச் சொல்றேன்ல?"

"இப்ப அங்க வீடு எடுத்தாச்சு பாபோ. மாலினோட அக்கா குடும்பம் நாளைக்கு அங்க வந்து சேர்றாங்க, நேத்து ராத்திரிதான் பேசி முடிச்சோம். திரும்பிப் போற ஃப்ளைட்டையும் அந்தக் கடலோரத்து ஸ்ப்ளிட் ஊர்லேருந்தே போற மாதிரி மாத்திட்டோம்."

"ரெண்டு நாள். ரெண்டே நாள் வந்துட்டுப் போங்க."

"முடியாது பாபோ. நெஜமாவே முடியாது."

எங்கள் பாஷையில் மறுப்புக்கு இருபது வகை உண்டு, பத்தொன்பது பொய். இது அந்த இருபதாவது என்று எனக்குப் புரிந்தது. ஃபெஹிமுக்கும் புரிந்தது. ஆனாலும் இன்னொரு தடவை கேட்டார், குரலே இல்லாமல்.

"அடுத்த கோடைக்கு வர்றோம்" என்றான். "முட்டியப் பாத்துக்கோங்க." வைத்துவிட்டான்.

ஃபெஹிம் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். தலை சாய்ந்தபடியே இருந்தது.

"அடுத்த கோடைன்னான்."

"கேட்டேன்."

"எப்படிச் சொன்னான், அத்வியா? நம்ம ஊர்க்காரனாச் சொன்னானா, அந்த ஊர்க்காரனாச் சொன்னானா?"

எங்கள் ஊரில் அடுத்த கோடை என்பது ஒரு பருவம் இல்லை. 'போய் வா' என்பதைக் கொஞ்சம் இனிப்புத் தடவிச் சொல்வது. அங்கே அது நாட்காட்டியில் இருக்கிற ஒரு மாதம், அதற்கு இப்போதே டிக்கெட் பார்ப்பார்கள் என்று அவர் வகுப்பில் சொல்வார். நான் வழக்கமாகச் சொல்வதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வருவான், கண்டிப்பாக வருவான், குரலிலேயே தெரிந்ததே என்று. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் என்ன சொல்வேன் என்பது முன்கூட்டியே தெரிந்தவராக.

"தெரியல, ஃபெஹிம்" என்றேன்.

இத்தனை வருடத்தில் அவரை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. மெல்ல எழுந்தார். கழுத்து திரும்பாததால் உடம்பையே திருப்பிக்கொண்டு, வர்ண வாடை இன்னும் போகாத அந்த அறைக்குள் போனார். புதுக் கட்டில் ஒரு தடவை முனகியது. உட்கார்ந்திருக்க வேண்டும், அல்லது படுத்திருக்க வேண்டும். நான் எட்டிப் பார்க்கவில்லை.

மேலே என் மேசையில் மாவு விரித்தபடியே கிடந்தது. மூடாமல் வந்துவிட்டேன். ஓரமெல்லாம் காய்ந்து சுருண்டிருக்கும்.